ஆல்டர் முன்னால் ஒரு தடியங்காய்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நான் வாட்டர் கலரில் வரைகிறவன். தாமிரபரணிக் கரையோரத்து மருதமரம், தேரிக்காட்டுப் பனை, வாழைத்தார், நுங்கு, இவைதான் என் படங்கள். "இதையும் விசுவாசத்தோடு வரைகிறேன் என்கிறீர்களே, இதில் இயேசு எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

நம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் சொரூபம், அதாவது சிலை, வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் விளைந்ததைக் கடவுளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையன்று ஆல்டர் (பலிபீடம்) முன்னால் பாருங்கள். வாழைத்தார், கரும்பு, இளநீர், முருங்கைக்காய், கருப்பட்டி, கூடையில் முட்டை. அப்புறம் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். அதுவரைக்கும் அங்கே இருப்பது அருமையான ஸ்டில் லைஃப், அசையாப் பொருள்களை வைத்து வரைகிற படம் மாதிரி.

அதில் எனக்குப் பிடித்தது தடியங்காய், அதாவது சாம்பல் பூசணி. மேலே சாம்பல் பூத்திருக்கும். அதற்காக வெள்ளை வர்ணத்தைத் தொடமாட்டேன். நீலமும் பச்சையும் கலந்து நீர்க்கப் பூசி, ஈரம் காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்தால், காகிதத்தின் வெள்ளையே சாம்பலாகிவிடும். தூக்கிவந்தவரின் விரல் பட்ட இடத்தில் மட்டும் சாம்பல் அழிந்து கரும்பச்சை தெரியும். அந்தத் தடத்தை விடாமல் வரைவேன். கொல்லையில் தண்ணீர் ஊற்றி வளர்த்து, இடுப்பில் இடுக்கிக் கொண்டுவந்து கடவுளுக்குக் கொடுத்த கை அது.

இத்தாலியில் 1600ஐ ஒட்டி கரவாஜியோ என்ற ஓவியர் ஒரு பழக்கூடை வரைந்தார். மிலான் பேராயராக இருந்த கர்தினால் ஃபெடரிகோ பொரோமியோவிடம் இருந்த படம். சிலுவை இல்லை, சம்மனசு (தேவதூதர்) இல்லை. ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை, இலைகளில் வாட்டம். நல்ல பழமாகப் பொறுக்கி வைத்தே வரைந்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. சொத்தையை மறைத்து வரைந்தால் படைத்தவரைத் திருத்தப் பார்க்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

காட்டுப்புஷ்பங்களைக் கவனித்துப் பாருங்கள் என்று இயேசு சொன்னதை, கவலை தீர்க்கும் வசனமாக மட்டும் வாசித்துவிடுகிறோம். எனக்கு அது அன்றாட வேலை. ஆவாரம்பூவை உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் மகரந்தத் தாள்களில் சில நீளம், சில குட்டை என்பதே தெரியும். அந்த நேரத்தில் ஜெபம் தனியாக வேண்டியிருப்பதில்லை.

வரைய ஆசைப்படுகிற பிள்ளைகளே, இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நோட்டும் பென்சிலுமாகச் சீக்கிரமே போய்விடுங்கள். கோயில் போதகரான ஐயரிடம் கேட்டால் ஓரமாக உட்கார இடம் தருவார். முதலில் கருப்பட்டியை வரையுங்கள். முட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளையைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.