மனைவியும் அவர் மகனும் ஊருக்கு வர எந்த விசா?

வணக்கம், காரைக்குடியில் இருந்து பேசுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கண்டரமாணிக்கத்துத் தம்பி ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன வருடம் அங்கேயே பதிவுத் திருமணம் நடந்தது. மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவருக்கு முன்பே ஒரு மகன் இருக்கிறான், 10 வயது. அந்த நாட்டின் செபு நகரில் பாட்டியிடம் வளர்கிறான். "அப்பத்தாளுக்கு 90 ஆகப்போகிறது. ரெண்டு பேரையும் கண்ணில் காட்டுடா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எந்த விசா எடுப்பது? நான் இந்தியன், அதனால் பையன் என் பெயரிலேயே வந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வர முடியாது. நீங்கள் அவனை எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் சரி, விசா விஷயத்தில் அவன் தனி ஆள். அவனுக்குத் தனி பாஸ்போர்ட், தனி விண்ணப்பம், தனி விசா வேண்டும். அவனுடைய காகிதங்கள் எல்லாம் அம்மா வழியாகவும், பெற்ற தகப்பன் வழியாகவும்தான் வரும். உங்கள் வழியாக வராது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த விசா என்றால், ரெண்டு மூன்று வாரம் வந்து அப்பத்தாளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இ-டூரிஸ்ட் விசாவே போதும். சொந்தக்காரர்களைப் பார்க்க வருவதும் அதில் அடக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று மூன்று வகை இருக்கிறது. 30 நாள் விசாவை நீட்டிக்க முடியாது. வரும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் அதற்கு விண்ணப்பிக்கவும் முடியும். மற்ற இரண்டுக்கும் 120 நாள் முன்பிருந்தே போடலாம். திருச்சி விமான நிலையத்திலும் இ-விசா செல்லும் என்பதால் சென்னை போய்ச் சுற்றி வர வேண்டாம். சிங்கப்பூரில் ஏறினால் திருச்சி, அங்கிருந்து ரெண்டு மணி நேரத்தில் வீடு. இந்தியாவில் யாரைத் தெரியும் என்று ஒரு பெயரும் முகவரியும் கேட்பார்கள், அதில் ஊரில் இருக்கும் உங்கள் அப்பா பெயரைக் கொடுங்கள். ஸ்பான்ஸர் கடிதம் என்று தனியாக ஒன்றும் தேவையில்லை.

விண்ணப்பத்துக்கு அரசாங்கத் தளத்துக்கே போங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, கூடுதல் காசு வாங்கிக்கொள்வார்கள். விசா கிடைக்காமல் போனால் கட்டிய கட்டணம் திரும்ப வராது.

இப்போது பையனுக்கு வருகிறேன். என் தங்கை மகன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்கும் இதே நிலைமைதான். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட், "அப்பா பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரையே போட்டுவிடலாம், ஒரே குடும்பமாகத் தெரியும்" என்று போட்டுவிட்டார். பிறகு பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள், அனுப்பினோம். விசா மறுக்கப்பட்டது. காரணம் என்று எதுவும் எழுதவில்லை. ஆனால் சான்றிதழில் ஒரு தகப்பன் பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர். பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார்? பெரியவர்களுக்கு விசா வந்துவிட்டது, குழந்தைக்கு மட்டும் வரவில்லை. அந்தக் குழந்தை டிரெஸ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அதனால் நீங்கள் அவனுக்கு அப்பா இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது பெற்ற தகப்பனின் சம்மதம். குழந்தைகள் விஷயத்தில் தாய், தகப்பன் இருவர் கையெழுத்தையும் கேட்பது உண்டு. பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டப்படி, பெற்றோருக்குள் திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்குத் தாய்தான் பொறுப்பாளர். உங்கள் மனைவி விஷயம் அப்படியென்றால் அதைக் காட்டும் சான்றிதழைக் கையில் வையுங்கள். முன்பு திருமணம் ஆகியிருந்தால் பெற்றவரிடம் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள், அல்லது குழந்தை யார் பொறுப்பு என்ற கோர்ட் உத்தரவை வையுங்கள். மனஸ்தாபம் இருந்தாலும் உங்கள் மனைவியையே தன்மையாகப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், செபுவில் இருந்து பையனைக் கூட்டி வர நீங்கள் மட்டும் போய்விடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெற்றோர் இல்லாமல் வேறு ஒருவருடன் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால், அங்குள்ள சமூக நலத்துறையின் பயண அனுமதி வேண்டும். பாட்டி கூட்டி வந்தாலும் அதேதான். பெற்ற அம்மாவே போய்க் கூட்டி வந்தால் அந்தத் தொல்லை இல்லை. மூன்று பேருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கலாம் என்பதால், பையனின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் திருமணச் சான்றிதழும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

மனைவிக்கு ஓசிஐ அட்டை (விசா இல்லாமலே இந்தியா வந்து போக வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். திருமணத்தைப் பதிவு செய்து 2 வருடம் முழுதாக முடிய வேண்டும், இப்போது பேச்சில்லை. அப்போதும் அது மனைவிக்குத்தான், பையனுக்கு வராது.

வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இருவருக்கும் இ-அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்புங்கள், கட்டணம் இல்லை. வந்த பிறகு நம் ஊரில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். சொந்த வீடு என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். "நம்ம வீட்டு மருமகள்தானே" என்று அப்பா விட்டுவிடுவார், நீங்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒன்று மட்டும் இன்று இரவே செய்யுங்கள். பிலிப்பைன்ஸில் பெரியவர்கள் பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும், பிள்ளைகளுடையது 5 வருடம்தான். இந்தியாவுக்குள் வரும் நாளில் இருந்து இன்னும் 6 மாதமாவது அது செல்ல வேண்டும். செபுவுக்கு போன் போட்டுப் பாட்டியிடம் பையன் பாஸ்போர்ட்டில் இருக்கும் கடைசித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.