தூர் நின்ற இடம்

(ஹட்டனில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பு மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செடியின் அடிப்பகுதியைக் குறிக்கும் தூர் என்ற சொல்லை இந்த மலையில் பிறந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட கதையை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்தத் தூரடியில் தேங்காயும் இருக்கவில்லை, மாசியும் இருக்கவில்லை. ஆனால், கவ்வாத்துக் கத்தி மேலே எவ்வளவு வெட்டினாலும் தூர் நிலைத்தால் செடி நிலைக்கும் என்பதை நம் பெற்றோர் கையாலேயே அறிந்திருந்தார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, கல்லாகிப் போன தூர்களைப் பற்றி. அவற்றை யார் கண்டெடுத்தார்கள், கண்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் கிளாஸ்கோ என்றொரு தோட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஸ்கொட்லாந்து நகரில், தேயிலை வணிகர் லிப்டன் பிறந்த அதே நகரில், 1880களின் நடுப்பகுதியில் விக்டோரியா பூங்கா என்ற பொதுப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். கப்பல் கட்டும் துறைகளில் வேலையிழந்திருந்த தொழிலாளர்கள் பலருக்கு அந்தப் பூங்கா வேலைதான் அப்போது கூலி தந்தது. 1887 ஆம் ஆண்டு, கைவிடப்பட்ட ஒரு கல்லுடைக்கும் குழியின் ஊடாகப் பாதை வெட்டிக்கொண்டிருந்தபோது, பாறைக்குள்ளிருந்து அடிமரங்கள் வெளிப்பட்டன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றும் வேர் பரப்பி, தான் முளைத்த இடத்திலேயே நின்றது. அவற்றின் வயது ஏறத்தாழ 325 மில்லியன் ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ 90 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து முடிந்த காடு அது.

அந்த மரங்கள் எப்படிக் கல்லாயின என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நமது பாடநூல்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவை லெப்பிடோடென்ட்ரன் என்னும் மரங்கள். நம் பலா மரத்தைப் போல உள்ளே வைரம் பாய்ந்தவை அல்ல. தடித்த உறுதியான பட்டைக்குள் மென்மையான திசுவைக் கொண்டவை. வெள்ளம் கொண்டுவந்த மணலும் சேறும் அடிமரத்தைச் சுற்றிப் படிந்து மரம் இறந்தது. மேற்பகுதி முறிந்து விழுந்தது, உட்பகுதி உக்கிப் போனது. வெறும் குழாயாக நின்ற அந்தப் பட்டைக்குள் அடுத்தடுத்த வெள்ளங்கள் மணலை நிரப்பின. மணல் இறுகிக் கல்லானது, பட்டையோ மெல்லிய நிலக்கரிப் படலமாக மாறியது. ஆகவே இன்று அங்கே நிற்பது மரத்தின் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட மணற்கல் வார்ப்பு. மரத்தின் சதை அதில் எங்குமே இல்லை. கோவிலுக்கு ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் முதலில் செய்யும் மெழுகுருவம் உருகி ஓடிவிட, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தை உலோகம் நிரப்புவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

அந்தப் பெருமரங்களின் இனத்தவர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும்போது, வீதிக்காக வெட்டிய ஈரமான மண்சரிவுகளில், சின்னஞ்சிறு ஊசியிலை மரத்தைப் போன்ற ஒரு பசுஞ்செடி தலை கவிழ்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது லைக்கோபோடியக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்காலைத் தாண்டி வளராத இந்தச் செடியும், முப்பது மீற்றர் வரை உயர்ந்த லெப்பிடோடென்ட்ரனும் ஒரே பெருங்குலத்தின் கிளைகள்.

அப்படியானால் இந்த மலைகளிலும் அத்தகைய கல்மரங்கள் புதைந்திருக்குமா என்று மாணவர்கள் என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். நமது மத்திய மலைநாட்டின் பாறைகளில் அவை இல்லை. அதற்கான காரணம் ஏமாற்றத்தை விட வியப்பையே தரும். நம் காலடியில் இருக்கும் கொண்டலைட்டும் சார்னொகைட்டும் பளிங்கும் உருமாறிய பாறைகள். பூமியின் ஆழத்தில் 800 பாகை செல்சியசுக்கும் கூடிய வெப்பத்தில், ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வெந்து உருமாறியவை. உலகின் முதல் மரங்கள் தோன்றியதோ ஏறத்தாழ 390 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான். சிவனொளிபாத மலையின் பாறை, மரம் என்ற ஒன்றையே உலகம் அறியாத காலத்துப் பாறை. இலங்கையில் பழந்தாவர உயிர்ச்சுவடுகளைத் தேடுவோர் மலையிறங்கிப் புத்தளம் மாவட்டத்துத் தப்போவைக்கும் ஆண்டிகமவுக்கும் போக வேண்டும். அங்கேதான் யுராசிக் காலத்து அடையற் பாறைகள் சிறு திட்டுகளாக எஞ்சியிருக்கின்றன.

இனி, மஸ்கெலியாவை அறிந்தவர்களுக்கு நெஞ்சில் தைக்கக்கூடிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோவில் வெளியே தெரிவதைப் பார்க்க இன்றும் சனங்கள் கூடுகிறார்கள். அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில், கில்போவா என்ற சிற்றூருக்கும் அதே கதிதான் நேர்ந்தது. 1869 ஆம் ஆண்டு பெருவெள்ளம் ஒன்று அங்கே ஓடைக்கரையை அரித்துச் சென்றபோது கல்லாகிய அடிமரங்கள் வெளிப்பட்டன. 1920களில், நியூயோர்க் நகருக்குக் குடிநீர் தேக்குவதற்காக அந்த ஊரையே அகற்றிவிட்டு அணை கட்டினார்கள். அணைக்காகக் கல் உடைத்த குழியில் மேலும் பல தூர்கள் கிடைத்தன. வினிஃப்ரெட் கோல்ட்ரிங் என்ற அம்மையார் அவற்றை ஆராய்ந்து, மாநில அருங்காட்சியகத்தில் பெரும் காட்சி ஒன்றை அமைக்கக் காரணமானார். பின்னர் 1939 இல் அவர் அம்மாநிலத்தின் தொல்லுயிரியலாளராகப் பதவியேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ 385 மில்லியன் ஆண்டு வயதுடைய அந்தத் தூர்கள் எத்தகைய மரத்தின் தூர்கள் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது, ஏனெனில் தூர் மட்டும் கிடைத்ததே ஒழிய, அதற்குரிய தலை கிடைக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு, அதே பிரதேசத்தில், தலையோடு கூடிய மரம் ஒன்று கிடைத்தது. அதன் தோற்றம் ஹக்கலையிலும் நமது ஓடைக்கரைகளிலும் நிற்கும் மரப்பன்னத்தைப் பெரிதும் ஒத்திருந்தது, ஆயினும் இரண்டுக்கும் நேரடி உறவு இல்லை. 2010 இல், அணையைத் திருத்தும் வேலையின்போது, மூடப்பட்டிருந்த பழைய கல்லுடைக் குழியைத் திறந்தார்கள். அப்போது ஆய்வாளர்கள் ஒரு தூரைக்கூடப் பெயர்த்தெடுக்க அவசரப்படாமல், ஆயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட அந்தத் தரையை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கினார்கள். எந்த மரத்துக்கு அருகில் எந்த மரம் நின்றது, இடையில் தரையோடு படர்ந்த தாவரம் எது என்பதெல்லாம் அந்த வரைபடத்திலேதான் தெரியவந்தது. 1920களில் வெட்டியெடுத்துச் செல்லப்பட்ட தூர்கள் இன்றும் அழகாக இருக்கின்றன; ஆனால் காடு எப்படி இருந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியவில்லை. நின்ற இடத்தை விட்டுப் பெயர்ந்த தூர், தன் அயலவர் யார் என்பதை மறந்துபோன தூர்.

இந்தச் செய்தியை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் புவியியல் கற்பித்த வகுப்பில் பொகவந்தலாவைப் பக்கத்து மாணவன் ஒருவன், மாணிக்கக் குழியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, கறுத்துக் கனத்த மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பாதி மரமாகவும் பாதி கரியாகவும் இருந்த அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன், அலுமாரியில் வைத்தேன். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், சரளை மண்ணுக்கு மேலா கீழா என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. ஓரிரு மாதங்களில் அது காய்ந்து வெடித்துத் தூளாகிவிட்டது. அந்தப் பிள்ளை கொண்டுவந்தது ஒரு சாட்சியம். அதை நான் வெறும் காட்சிப் பொருளாக்கிவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

காப்பது என்றால் என்ன என்பதற்கு உலகில் நல்ல பாடமும் உண்டு, கசப்பான பாடமும் உண்டு. கிளாஸ்கோவில் 1890 ஆம் ஆண்டிலேயே பதினொரு தூர்களையும் உள்ளடக்கிக் கட்டடம் எழுப்பிக் கூரை போட்டார்கள். இன்றும் அவை அங்கேயே நிற்கின்றன. கூரை போடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. உள்ளே ஈரம் தங்கினால் பாசி படரும், வெளியே விட்டாலோ மழையும் உறைபனியும் விரிசலுக்குள் புகுந்து உடைக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் ஃபுளோரிசன்ட் என்னுமிடத்தில், எரிமலைச் சேற்றில் புதைந்து 34 மில்லியன் ஆண்டுகளாக நிற்கும் ரெட்வூட் தூர் ஒன்றைத் துண்டு போட்டு எடுத்துச்செல்ல 1890களில் முயன்றார்கள். முறிந்து சிக்கிய, மரம் அறுக்கும் வாள்களின் இரும்பு இன்றும் அந்தக் கல்லுக்குள் இருக்கிறது.

மிகக் கசப்பானது தென் டக்கோட்டாவில் நடந்தது. கல்லாகிய சைக்கட் வகைத் தாவரங்களின் அடிப்பகுதிகள் நிறைந்த 320 ஏக்கர் நிலத்தை 1922 இல் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. சட்டம் இருந்தது, பெயர் இருந்தது. நிலத்தில் காவல் இருக்கவில்லை. பார்க்க வந்தவர்களும் சேகரிக்க வந்தவர்களும், ஆராய வந்தவர்களும்கூட, கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போனார்கள். தரையின் மேல் காட்டுவதற்கு எதுவுமே மிஞ்சாத நிலையில், 1957 இல் அந்த நினைவிடமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நம் முன்னோரின் மண்ணிலும் கல்மரங்கள் உண்டு. நம்மில் பலருடைய பூட்டன் பாட்டிகள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாவட்டத்தில் அடங்கியிருந்த பெரம்பலூர்ப் பகுதியின் சாத்தனூரில், 18 மீற்றர் நீளமான கல்மரம் ஒன்று கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940 இல் அதை உலகறியச் செய்தார். அந்த வறண்ட நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது; கடலோரத்தில் வளர்ந்த மரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டு அங்கே புதைந்தது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்குள்ளவை ஏறத்தாழ 20 மில்லியன் ஆண்டு வயதுடையவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் கலங்களுக்குள்ளேயே புகுந்து படிந்தமையால், மரத்தின் உள்ளமைப்பு கல்லிலும் தெரிகிறது. அவை நின்ற மரங்கள் அல்ல, வேரும் கிளையும் இழந்து ஆற்றோடு வந்து படுத்த மரங்கள். படுத்திருக்கும் நிலைகூட ஒரு செய்திதான், அந்த ஆற்றைப் பற்றிய செய்தி.

நம் மலையில் கல்மரம் இல்லை என்றேன். அதனால் நம்மிடம் காக்க எதுவும் இல்லை என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புகளில் முற்றா நிலக்கரி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதில் சிக்கிய மகரந்தத் துகள்களைக் கொண்டு, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளில் அந்தச் சமவெளியில் மழையும் காடும் புல்வெளியும் எப்படி மாறின என்பதை ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அது கல்லாகாத ஆவணம். ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வடித்தாலே காய்ந்து அழிந்துவிடும், தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்து எரியும். இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளிலிருந்து வந்த யானை, நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்களைத் தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல ஆராய்ந்து பெயரிட்டார். நீர்யானையும் காண்டாமிருகமும் இந்தத் தீவில் வாழ்ந்தன என்பதை நாம் அறிவதற்கு, குழிக்குள் இறங்கி அந்தச் சரளை மண்ணை வெட்டி எடுத்தவர்களும் காரணம்.

கிளாஸ்கோவில் பாதை வெட்டியவர்கள், கில்போவாவில் அணைக்குக் கல் உடைத்தவர்கள், நமது குழிகளில் மண் அள்ளுபவர்கள், எல்லோரும் கூலிக்கு உழைத்தவர்களே. கண்டுபிடிப்பின் முதல் கணம் பெரும்பாலும் அலவாங்கு பிடித்தவரின் கணமாகவே இருந்திருக்கிறது. ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் அப்பாவோ மாமாவோ அண்ணனோ குழியிலும் வீதி வேலையிலும் இருந்தால், இந்தச் செய்தியை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். மண்ணுக்குள் எலும்போ இலைப் பதிவோ கல்லான மரமோ தென்பட்டால், அதைக் கிளப்பி எடுக்கும் முன் மம்பட்டியைச் சற்றே ஒதுக்கி வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். குழியின் ஆழத்தையும், மேலும் கீழும் இருக்கும் மண்ணின் நிறத்தையும் எழுதுங்கள். ஈரமாகக் கிடைத்த மரத்துண்டை ஒருபோதும் வெயிலில் காய வைக்காதீர்கள். ஈரச் சேற்றோடு பையில் கட்டி நிழலில் வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது, ஹட்டனிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரம்தான். கொழும்பில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் கடிதத்தை உரிய முகவரிக்கு அனுப்பி, பதில் வரும்வரை அந்தக் குழியை நினைவில் வைத்திருக்கும் வேலையை ஆசிரியர்களாகிய நாம் ஏற்றுக்கொள்வோம்.