கிளி கேட்ட இளவரசி

வணக்கம். டிராகன் பறக்கும் தொடர்களைப் பற்றி இங்கே பேசும்போதெல்லாம், அரியணைக்கு அருகிலேயே வராத கடைக்குட்டி இளவரசிகள் பக்கம்தான் நான் சாய்வேன். "நம் கொங்கு நாட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றிப் பேசமாட்டீர்களா?" என்று காங்கேயத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொங்கு நாட்டு நாட்டுப்புறக் கதைப்பாடலான அண்ணமார் கதையின் அருக்காணி தங்காளைத்தான் சொல்கிறார்.

உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் கதை இது. ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் ஒலிநாடாவில் பதிவு செய்தபோது பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. அத்தனை இரவும் அண்ணன்மார் பொன்னர், சங்கர் பெயரைத்தான் சொல்கிறோம். தங்கை ஓரமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் பிறப்பைப் பாருங்கள். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடப் பங்காளிகள் காத்திருக்கிறார்கள். தாய் தாமரை நாச்சி ஒரே பிரசவத்தில் பெற்ற மூவரில் ஆண்கள் இருவரையும் சுரங்க வழியாகக் கடத்திவிட்டு, பிறந்தது பெண் மட்டுமே என்று ஊருக்குச் சொல்கிறார்கள். பெண்ணால் யாருக்கு என்ன ஆபத்து? அந்த அலட்சியத்தின் நிழலில்தான் இரண்டு வீரர்களும் உயிர் பிழைத்து வளர்கிறார்கள். என்னைக் கேட்டால் கதையின் முதல் காவலாளி தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தைதான்.

வளர்ந்ததும் அவள் அண்ணன்மாரிடம் கேட்பது ஒரு சோடிக் கிளி. அது காட்டில் வேட்டையாடி வாழும் வேட்டுவர் பக்கத்துக் கிளி. ஒன்று வலையில் சிக்குகிறது, துணை தப்பிப் பறக்கிறது. காட்டின் அந்தப் பக்கமும் ஓர் இளவரசி இருக்கிறாள், வேட்டுவரின் தங்கை வீரதங்காள். சோடி பிரிந்த கிளியைக் கண்டு அவள் பொருமுகிறாள். அப்புறம்தான் கொம்பன் என்ற பெரும் பன்றி வருகிறது, போர் வருகிறது, சாவு வருகிறது. இரண்டு தங்கைகளும் ஒரே கிளிச் சோடிக்காக ஏங்கியவர்கள்; ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் காட்சி நான் கேட்ட பாட்டில் இல்லவே இல்லை. கதை கட்டியவர்கள் மேல் எனக்கு இதில் கொஞ்சம் கோபம்தான்.

அண்ணன்மார் சாவதைத் தங்காள் கனவிலேயே கண்டுவிடுகிறாள். யார் கேட்டார்கள்? பிறகு அவள் சாதுவாக அழுதுகொண்டிருக்கவில்லை. சில ஊர்ப் பாட்டுகளில் அண்ணிமார் உள்ளே இருக்க அரண்மனைக்கே தீ வைக்கிறாள். இந்த இடத்தைச் சிலர் மெல்லக் கடந்துவிடுகிறார்கள், கடக்கக்கூடாது. கோபக்காரியான அந்தத் தங்காள்தான் தனியாகக் காட்டுக்குள் நடந்து, உடல்களைத் தேடிக் கண்டுபிடித்து, அண்ணன்மாரைச் சற்று நேரத்துக்காவது எழுப்புகிறாள்.

அண்ணன்மார் களத்தில் விழுந்ததைத் திருவிழாவில் நடித்துக் காட்டும் படுகளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண்கள் வரிசையாகச் சாய்ந்து கிடப்பார்கள். தங்காளாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளித்தால்தான் எழுவார்கள். அந்த நேரத்தில் களத்தில் அதிகாரம் முழுக்க அவளுடையது.

வீரதங்காள் கடைசியில் என்ன ஆனாள் என்று உங்கள் ஊர்ப் பாட்டில் பாடுகிறார்களா? கேட்டவர்கள் கீழே எழுதுங்கள், எந்த ஊர் என்பதையும் சேர்த்து. அவளுக்காகத் தனியாக ஒரு வீடியோ போட ஆசை.