தண்டவாளம் முடிகிற இடம்

வணக்கம். புதுச்சேரி ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் தங்கை சிரித்தாள். "அங்க வெளியூர்க்காரங்கதானே போறாங்க, நாம எப்ப போனோம்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

சென்னைக்குக் கிளம்பினால் நம் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் சொச்சம், முடிந்தது. ரயில் என்றால் முதலில் மேற்கே 38 கிலோமீட்டர் விழுப்புரம் போய் அப்புறம் வடக்கே திரும்பவேண்டும், மொத்தம் 200-ஐத் தொட்டுவிடும். கடலூர் இன்னும் வேடிக்கை. ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ரயிலில் போவதாக அடம்பிடித்தால் விழுப்புரத்தில் வண்டி மாறி, மறுபடி கடலைத் தேடி இறங்கி வரவேண்டும். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கடலோரப் பாதை என்று அறிவித்துப் பல வருடமாகிறது. பேச்சாகவே இருக்கிறது.

ஏன் இப்படி முட்டுச்சந்தாக ஒரு பாதை? 1879-ல் இதைப் போட்டபோது ஆளை ஏற்றி இறக்குவதைவிடத் துறைமுகத்துக்குச் சரக்கு வருவதுதான் முக்கியம். சுற்றுவட்டாரத்து மல்லாட்டை மூட்டை மூட்டையாக இங்கே வந்து கப்பலேறி பிரான்ஸுக்குப் போனது. (நிலக்கடலை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நம்ம ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்.) ஊர் பிரெஞ்சுக்காரர்களுடையது, வண்டியை ஓட்டியது பிரிட்டிஷாரின் தென்னிந்திய ரயில்வே, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று வருகிற இந்தக் குட்டிப் பாதையின் நடுவே இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை.

எல்லை என்றால் சுங்கச் சோதனை. எங்கள் தாத்தா ஒரு பிரெஞ்சுக் கைக்கடிகாரத்தை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டி, சட்டைக் கையை இறக்கிவிட்டு, சோதனைக்காரர் பெட்டியில் ஏறியதும் கண்ணை மூடித் தூங்குவதுபோல உட்கார்ந்திருப்பாராம். கடிகாரம் டிக் டிக் என்பது தன் காதுக்கு மட்டும் பறை அடிப்பதுபோலக் கேட்டது என்பார். அவர் கவலை அவ்வளவுதான். பாரதியாருக்கோ எல்லை இன்னும் பெரிய கவலை; பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி இங்கே இருந்தவர், 1918 நவம்பரில் பத்து வருட வாசத்தை முடித்துக்கொண்டு கிளம்பி, எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறைக்குப் போனார். 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது, எல்லைத் தொல்லையும் ஒழிந்தது.

ஐம்பது வருடம் கழித்து, 2004-ல், மீட்டர் கேஜ் அகலப்பாதையானது. நிலையத்தின் தலையெழுத்து மாறியது அப்போதுதான். தினமும் விழுப்புரத்துக்கும் சென்னை எழும்பூருக்கும் போகிற வண்டிகளோடு டெல்லி, ஹௌரா, புவனேஸ்வர், மும்பை தாதர், கன்னியாகுமரி என்று நெடுந்தூர வண்டிகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன. பலதும் வாரம் ஒருமுறைதான், ஆகவே கிழமையைப் பார்த்துவிட்டுப் பயணத்தை யோசியுங்கள்.

எனக்குப் பிடித்தது மங்களூர் வண்டி. மாஹே வழியாகப் போகிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கேரளப் பக்கம் இருக்கிற அதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான் என்பது அங்கே மாற்றலாகிப் போனவர்களுக்குத்தான் உறைக்கும். எங்கள் சித்தப்பா மாஹேவில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். போகும்போது சித்தி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய், வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ். அந்தப் பெட்டியில் பாதிப்பேர் கையிலும் இதே பைதான் என்பார்.

உள்ளூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து கேட்தான். மூடினால் பைக்குகள் எதிர்ப்பக்கமும் ரோட்டை அடைத்து நின்றுகொள்ளும், திறந்ததும் யாரும் நகர முடியாது. இதற்கு ரயில்வேயைத் திட்டுவது கொஞ்சம் அநியாயம்.

வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இருதய ஆண்டவர் கோயில் கோபுரம் தெரியும். சுப்பையா சாலையில் ஏறி கிழக்குப் பக்கமாக நடந்தால், லேசான பையோடு கால் மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். "பீச் ரொம்ப தூரம் சார்" என்று ஆட்டோக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.