ஒரே காலையில் ஒரு நாட்டுக்கே சம்பள உயர்வு! நடந்தது எங்கே?

2015 ஜனவரி 15, காலை 10.30 மணி. சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் சம்பளம் கூடியது. ஆனால் எந்த முதலாளியும் ஒரு காசு சேர்த்துத் தரவில்லை. எப்படி? வாங்க, பார்க்கலாம்.

பின்னணியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். யூரோ நாடுகள் கடனில் தத்தளித்தபோது, பணக்காரர்களின் பணமெல்லாம் சுவிஸ் ஃப்ராங்கில் போய் ஒதுங்கியது. ஃப்ராங்க் எகிறியது. 2011 செப்டம்பரில் சுவிஸ் மத்திய வங்கி ஒரு கோடு போட்டது: 1 யூரோ 1.20 ஃப்ராங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமல் இருக்க யூரோவாக வாங்கிக் குவித்தது. அந்த ஜனவரி காலையில் திடீரென்று கையை எடுத்துவிட்டது. மூன்று நாள் முன்புதான் வங்கியின் துணைத் தலைவர், இந்தக் கோடுதான் எங்கள் கொள்கையின் தூண் என்கிற மாதிரி பேசியிருந்தார்! சில நிமிடங்களில் யூரோ 1 ஃப்ராங்குக்கும் கீழே விழுந்து, அப்புறம் ஏறத்தாழ சமமாக நின்றது. அதாவது, அதே ஃப்ராங்க் சம்பளத்துக்கு இப்போது அதிக யூரோ. அதுதான் அந்தச் சம்பள உயர்வு!

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ், சுவிஸின் க்ரொய்ட்ஸ்லிங்கன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். ஏரிக்கரையில் எல்லை வேலியைப் பிடுங்கிவிட்டுச் சிற்பங்களை நட்டிருக்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு நடந்தே கடை வீதிக்குப் போகலாம். கான்ஸ்டன்ஸில் 100 யூரோ சட்டை, முந்தின நாள் 120 ஃப்ராங்க். இப்போது சுமார் 100.

இன்னும் இருக்கிறது. அந்த விலைக்குள் 19% ஜெர்மன் வரி ஒளிந்திருக்கிறது. நீங்கள் சுவிஸ்வாசி என்றால் கடையில் பச்சைச் சீட்டு வாங்கி, சுங்கத்தில் முத்திரை குத்திக்கொண்டால் கிட்டத்தட்ட 16 யூரோ திரும்ப வரும். அப்போது குறைந்தபட்சத் தொகை கிடையாது, பற்பசைக்கும் சீட்டு கேட்கலாம்! 2020-இல்தான் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் மட்டும் என்று ஆக்கினார்கள். திரும்பும்போது சுவிஸ் சுங்கம் தலைக்கு 1 கிலோ இறைச்சியைத்தான் தீர்வை இல்லாமல் விடும். பாட்டியையும் காரில் ஏற்றினால் இன்னொரு கிலோ. நான் யோசனை சொல்லவில்லை, கணக்கு சொல்கிறேன்.

உள்ளூரிலும் இறக்குமதிப் பொருள் மலிந்து, அந்த வருடம் சுவிஸ் விலைவாசி 1.1% இறங்கியது. இதைக் கேட்டு நமக்குப் பொறாமை வரலாம். க்ரொய்ட்ஸ்லிங்கன் கடைக்காரருக்கு வராது, அவருடைய வாடிக்கையாளர் பாட்டியோடு எல்லை தாண்டிவிட்டார். 1,200 ஃப்ராங்க் கடிகாரம் ஜெர்மன்காரருக்கு நேற்று 1,000 யூரோ, இன்று 1,200. ஸ்வாட்ச் கடிகார நிறுவனத்தின் தலைமை நிர்வாகி நிக் ஹாயெக் இதைச் சுனாமி என்றார். சுவிஸ் ஹோட்டல்களுக்கும் அதே கதை.

வட்டி குறைவு என்று ஃப்ராங்கில் வீட்டுக்கடன் வாங்கிய போலந்துக் குடும்பங்கள் பாவம், ஒரே நாளில் கடன் வீங்கிவிட்டது. ஹங்கேரி இரண்டு மாதம் முன்புதான் அந்தக் கடன்களை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்ற முடிவெடுத்திருந்தது. மயிரிழையில் தப்பியது!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. சுவிஸில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்கிறார்கள். அன்று யாழ்ப்பாணத்துக்கு 500 ஃப்ராங்க் அனுப்பியவர் வீட்டில் கூடுதல் ரூபாய் கிடைத்தது. ஆனால் அதே ஃப்ராங்கால், அந்த ஹோட்டலுக்கு வர வேண்டிய ஜெர்மன் விருந்தாளி அறையை ரத்து செய்கிறார். அண்ணன் அன்று சிரித்திருப்பாரா, கவலைப்பட்டிருப்பாரா? கமெண்டில் போடுங்கள். சுவிஸிலிருந்து பார்ப்பவர்கள் கட்டாயம்.