போனுக்கு வயசாச்சா, பேட்டரிக்கு மட்டும்தானா?

[காட்சி: பழைய போன். சார்ஜ் 30 சதவீதம். கேமராவைத் திறந்ததும் திரை அணைகிறது.]

சார்ஜ் 30 சதவீதம் இருக்கு. ஆனா கேமராவைத் தொட்டதும் போன் பொசுக்குனு அணைஞ்சுபோகுது. எனக்கு இப்படி ஆனப்போ, "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிடுங்க"ன்னு சர்வீஸ் கவுண்டர்ல சொல்லிட்டாங்க. மனசு வரல. பேட்டரியை மட்டும் மாத்தினேன். அதுக்கப்புறம் அந்த போன் ரெண்டு வருஷம் உழைச்சுது.

[காட்சி: பேட்டரியின் உள்ளமைப்பு]

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயசாக ஆக, அதோட உள் மின்தடை கூடும். கேமராவையோ கேமையோ திறந்தா புராசசர் ஒரே மூச்சுல நிறைய கரண்ட் இழுக்கும். அதைத் தரமுடியாம வோல்டேஜ் சடார்னு இறங்கும், போன் அணைஞ்சுடும். தொட்டி நிறைய தண்ணி இருந்தும், குழாய்க்குள்ள உப்பு படிஞ்சா சொட்டுச் சொட்டாத்தானே வரும்? அதே கதைதான்.

இப்படி அணையறதைத் தடுக்கத்தான் ஆப்பிள் 2017 தொடக்கத்துல ஒரு அப்டேட் கொடுத்தது. பேட்டரி தேஞ்ச ஐபோன்கள்ல அது புராசசர் வேகத்தைக் குறைச்சுது. யோசனை தப்பில்ல, வேகம் குறையும்னு வெளிப்படையா சொல்லாததுதான் தப்பு. "போன் ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு நினைச்சுப் புதுசு வாங்கினவங்கள்ல எத்தனையோ பேருக்குப் புது பேட்டரியே போதுமா இருந்திருக்கும். அந்த டிசம்பர்ல விஷயம் வெளிய வந்ததும் நிறுவனம் மன்னிப்பு கேட்டுது. 2020ல பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டுது.

[காட்சி: 79 என்ற எண் 29 ஆகிறது]

ஆனா நான் சொல்ல வந்தது அபராதத்தைப் பத்தி இல்ல. மன்னிப்போட சேர்த்து, பேட்டரி மாத்துற கட்டணத்தை 79 டாலர்ல இருந்து 29 டாலரா குறைச்சாங்க, 2018 முடியற வரைக்கும். அதே பேட்டரி, அதே வேலை. அடுத்து என்ன ஆச்சு? 2019 ஜனவரியில ஆப்பிள் சி.இ.ஓ.வா இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐபோனை அப்கிரேட் பண்றவங்க எதிர்பார்த்த அளவுக்கு வராததுக்குப் பல காரணம் சொன்னார். அதுல ஒண்ணு, குறைஞ்ச விலையில பேட்டரி மாத்திக்க முடிஞ்சது!

நாம போனைத் தூக்கிப்போடுறது ஆசையால மட்டும் இல்ல. ரிப்பேர் கட்டணம் புது போன் விலையை நெருங்கும்போது யாரா இருந்தாலும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பாங்க.

டிஸ்ப்ளேயிலயும் இதே கணக்குதான். கண்ணாடி மட்டும் விரிசல் விட்டாலும், அது டச்சோடயும் டிஸ்ப்ளேயோடயும் ஒட்டியே வர்றதால பெரும்பாலும் முழு பாகத்தையே மாத்தச் சொல்வாங்க. சில போன்கள்ல பாகத்தோட சீரியல் நம்பரை சாஃப்ட்வேர் சரிபார்க்கும். வேற பாகம் போட்டா சில வசதிகள் வேலை செய்யாது. இந்த வழக்கத்துக்கு எதிரா அமெரிக்காவோட ஓரிகன் மாநிலம் 2024ல சட்டம் கொண்டுவந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20ல இருந்து புது விதி. 800 முறை சார்ஜ் ஏறி இறங்கின பிறகும் பேட்டரியில 80 சதவீத கொள்ளளவு மிஞ்சணும். ஒரு மாடல் விற்பனை நின்ன பிறகும் 7 வருஷம் உதிரிபாகம் கிடைக்கணும். கம்பெனிகளால முடியாத காரியம் எதுவும் இதுல இல்ல.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும். செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோன போன்ல பேங்க் ஆப் வச்சுக்கிறது ஆபத்து. அங்க புது பேட்டரி போட்டும் பிரயோஜனம் இல்ல.

[காட்சி: செட்டிங்ஸ், பேட்டரி பக்கம்]

அதனால போன் திணற ஆரம்பிச்சா முதல்ல செட்டிங்ஸ்ல பேட்டரி ஆரோக்கியத்தைப் பாருங்க. 80 சதவீதத்துக்குக் கீழ இருந்து, அப்டேட்டும் இன்னும் வந்துட்டு இருந்தா, புது மாடலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ்ல ஒரு கேள்வி கேளுங்க: "பேட்டரி மட்டும் மாத்த எவ்வளவு? பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, தனித்தனியா சொல்லுங்க."