ஓடும் பெட்டியும் நிற்கும் கட்டடமும்: பழைய அமெரிக்கச் சரக்கு ரயில் படங்களை வாசித்தல்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திரையில் தெரியும் இந்தக் கருப்பு வெள்ளைப் படம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில், அட்டைப் பெட்டி நிறையக் கிடந்த படங்களுக்கு நடுவே இது எனக்குக் கிடைத்தது. எடுத்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊரும் இல்லை. ஒரு சரக்கு ரயில் வளைவில் நிற்கிறது. நமக்கு அருகில் இருக்கும் பெட்டியில், பாறைமேல் நிற்கும் மலையாட்டின் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆடு கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் சின்னம். அந்த நிறுவனத்தின் தடம் செயின்ட் பால் நகரிலிருந்து மொன்டானா மலைகளைக் கடந்து சியாட்டில் வரை சென்றது. தொலைவில் நிற்கும் நீராவி எஞ்சினின் தீப்பெட்டி, அதாவது எரிபொருள் எரியும் அறை, மேற்புறம் வளையாமல் சதுரத் தோளோடு இருக்கிறது. பெல்பேர் வகை என்று சொல்லப்படும் அந்த அமைப்பை அமெரிக்காவில் விரும்பிப் பயன்படுத்திய மிகச் சில நிறுவனங்களில் கிரேட் நார்தர்னும் ஒன்று. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போய்விட்டன என்ற மகிழ்ச்சியில், பென்சிலை எடுத்துப் படத்தின் பின்புறம் ‘மொன்டானா’ என்று எழுதிவிட்டேன். அது தவறு. எப்படித் தவறினேன் என்பதைச் சொன்னாலே இன்றைய பேச்சின் பாதி முடிந்துவிடும்.

நாம் கூட்ஸ் வண்டி என்று சொல்வதை அங்கே ஃபிரைட் டிரெயின் என்பார்கள். வேகனைக் ‘கார்’ என்பார்கள். கூரையும் கதவும் உள்ள மூடிய பெட்டி பாக்ஸ்கார். அந்த நாட்டில் ரயில்வே ஒரே அரசுத் துறையாக இருந்ததில்லை. நூற்றுக்கணக்கான தனியார் நிறுவனங்கள் தத்தம் தடங்களில் ஓட்டின. ஆனால் சரக்கை எல்லையில் இறக்கி மறுபடி ஏற்றுவது கட்டுப்படியாகாது என்பதால், ஒருவர் பெட்டியை இன்னொருவர் தடத்தில் நாள் வாடகை கொடுத்து ஓட்டும் ஏற்பாடு இருந்தது. ஆகவே வாஷிங்டன் மாநிலத்தில் மரம் ஏற்றிய பெட்டி நியூயார்க்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து வேறு எதையோ ஏற்றிக்கொண்டு எங்கேயோ போகும். அரக்கோணம் யார்டில் நிற்கும் வேகனில் கிழக்கு ரயில்வேயின் எழுத்து இருப்பதைப் பார்த்து, இது ஹவுரா என்று நாம் யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அறிமுகமில்லாத நாட்டின் படம் என்றதும் அந்தத் தவறைத்தான் செய்கிறோம். பெட்டி நமக்குக் காலத்தைச் சொல்லும். இடத்தைப் பெட்டியிடம் கேட்கக் கூடாது.

காலத்தை அது எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் என்பதைப் பார்ப்போம். படத்தை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து, ஆட்டுச் சின்னம் உள்ள பெட்டியின் இடப்பக்கத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். மேலே நிறுவனத்தின் முதலெழுத்துகளும் பெட்டியின் எண்ணும் இருக்கின்றன. இந்த முதலெழுத்துகளின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், அந்த வண்டி ரயில்வே நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல. எண்ணெய் நிறுவனத்துக்கோ, வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கோ சொந்தமானது. யூனியன் டாங்க் நிறுவனத்தின் கருப்பு டாங்க் வேகன்களில் உள்ள ‘யு.டி.எல்.எக்ஸ்’ அப்படிப்பட்டது. எண்ணுக்குக் கீழே மூன்று வரிகள்: எவ்வளவு ஏற்றலாம், உச்ச வரம்பு என்ன, வெறும் பெட்டியின் எடை என்ன. நாம் தேடுவது மூன்றாவது வரியின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகளைத்தான்.

சரக்குக்குக் கட்டணம் எடையைப் பொறுத்தது. நிறைந்த வண்டியின் எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்துத்தான் சரக்கின் எடையை அறிவார்கள். மரப்பலகை ஈரம் உறிஞ்சும், தேயும், பழுது பார்க்கும்போது பாகங்கள் மாறும். அதனால் குறித்த கால இடைவெளியில் பெட்டியை மறுபடி எடைபோட வேண்டும் என்பது விதி. எடை போட்ட பணிமனையின் குறியெழுத்தையும் மாதத்தையும் ஆண்டையும் ஸ்டென்சில் வைத்துப் பூசுவார்கள். பெட்டி புதிதாக இருந்தால் அந்த இடத்தில் ‘நியூ’ என்று இருக்கும். இந்தப் படத்தில் கவனியுங்கள்: பெட்டி முழுவதும் வெயிலில் வெளிறிப்போயிருக்கிறது, ஆனால் அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும், வேட்டியில் புதுத்துணி ஒட்டுப்போட்டது போல, கருமையான ஒரு சதுரம் இருக்கிறது. பழைய எழுத்தை மறைக்கப் பூசிய புது வண்ணம் அது. அதன்மேல் ‘8-44’ என்று படிக்க முடிகிறது. எனவே இந்தப் படம் 1944 ஆகஸ்டுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க வழியே இல்லை. அடுத்த எடைபோடுதல் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்பதால் அதற்கு வெகு காலம் பின்னும் இருக்க முடியாது. ஒரு தொடரில் பல பெட்டிகளின் தேதி படிக்கக் கிடைத்தால், அவற்றுள் மிகப் பிந்திய தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கிய படங்கள்தான் நம் கைக்கு அதிகம் வருகின்றன. அப்போது பெட்டியின் உடலமைப்பைப் படிக்க வேண்டும். தரைச்சட்டத்துக்குக் கீழே நீளவாக்கில், நடுவில் கீழே இறங்கியபடி, இரும்புக் கம்பிகள் ஓடினால், அது மரச்சட்டம் கொண்ட பழைய காலத்துப் பெட்டி. பலகை உள்ளே இருக்க, எஃகுச் சட்டங்கள் விலா எலும்பு போல வெளியே தெரிந்தால், முதல் உலகப் போர்க் காலத்தையோ அதன் பிற்பாட்டையோ நினைக்கலாம். 1917 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, 1920 மார்ச் 1 அன்று திருப்பிக் கொடுத்தது. அந்தக் குறுகிய காலத்தில் வகுத்த பொதுவடிவப் பெட்டிகளில் ஒன்று இந்த அமைப்பைக் கொண்டது. பிறகு முழு எஃகுப் பெட்டி வந்தது. பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற நிறுவனம் 1924 முதல் கட்டிய எக்ஸ்-29 வகை ஏறத்தாழ முப்பதாயிரம் பெட்டிகள் என்ற அளவுக்குப் பெருகியதால், அக்காலப் படங்களில் அதைக் காணாமல் இருப்பதே அரிது. அதன் உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். 1937-இல் பொதுவடிவமாக ஏற்கப்பட்ட பெட்டியின் உள்ளுயரம் 10 அடி. இரண்டும் அடுத்தடுத்து நின்றால் கூரைக் கோட்டில் படிக்கட்டு போல ஓர் இறக்கம் தெரியும். நம் படத்தில் மூன்றாவதாக நிற்பது எக்ஸ்-29. அதன் அடிப்புறத்தைப் பாருங்கள்: பக்கத்தகடு துருப்பிடித்துப் போனதால், கீழ் விளிம்பு நெடுக வேறு தகட்டை ரிவிட் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். இந்த வகைக்கு அது பரம்பரை நோய். புதிய பெட்டியில் இராது.

அடியில் தொங்கும் பிரேக் பாகங்கள் இன்னும் நம்பகமானவை. அவற்றை யாரும் அழகுக்காக மாற்றுவதில்லை. பழைய ‘கே’ வகை பிரேக்கில் காற்றுத் தொட்டியும் சிலிண்டரும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குடுவையாக இருக்கும். 1933-இல் வந்த ‘ஏபி’ வகையில் தொட்டி, சிலிண்டர், வால்வு மூன்றும் தனித்தனியாகத் தொங்கும். பிற நிறுவனத் தடங்களுக்குச் செல்லும் பெட்டிகளில் பழைய வகையை 1953-க்குப் பின் ஏற்கவில்லை. ஆக, சரக்கு ரயில் ஒன்றில் இரண்டு வகையும் கலந்து தெரிந்தால் அது அந்த இருபது ஆண்டுகளுக்கு உட்பட்ட படம். பிற்காலப் படங்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு: 1966-க்குப் பின் கட்டிய பாக்ஸ்கார்களில் கூரைமேல் நடைபலகை கிடையாது, 1960-களின் பிற்பகுதி முதல் பெட்டியின் பக்கத்தில் வண்ணப் பட்டைகள் கொண்ட அடையாள அட்டை காணப்படும். அதைக் கருவி கொண்டு படிக்கும் திட்டம் 1977-இல் கைவிடப்பட்டது. சக்கரச் சோதனைக்காகக் கருப்புச் சதுரத்தில் மஞ்சள் புள்ளி வைத்தது 1978-இல்.

ஐயம் வந்தால் அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த எண்வரிசையில் எத்தனை பெட்டிகள், அவற்றின் நீள அகல உயரம் என்ன என்பது அதில் உண்டு. படிக்கச் சலிப்பான புத்தகம்தான். ஆனால் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு, ஓர் எண்வரிசை எப்போது தோன்றியது என்று கண்டுபிடித்த மாலைப்பொழுதுகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை.

வண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய கண்ணாடித் தகடுகளும் ஆரம்பகாலப் பிலிமும் சிவப்பு ஒளியை உணராதவை. செங்காவி பூசிய பாக்ஸ்கார் அதில் கரிக்கட்டை போல விழும். ஐஸ் வைத்துப் பழம் காய்கறி ஏற்றிச் செல்லும் மஞ்சள் பூசிய வண்டிகூட இருண்டே தெரியும். நீலவானம் வெள்ளைத்தாளாக வெளுத்துவிடும். ‘கருப்புப் பெட்டி’ என்று குறிப்பு எழுதுவதற்கு முன் பிலிம் எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள். எழுத்து தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். தெரியாவிட்டால் ஏணியைப் பாருங்கள். 1910-இல் இயற்றிய பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வகுத்த விதிகளின்படி, பாக்ஸ்காரின் பக்கவாட்டை நேராகப் பார்த்தால் முழு ஏணி வலக்கைப்புறம் இருக்கும். இடக்கைப்புறம் ஒன்றிரண்டு பிடிகள் மட்டுமே. ஏணி இடப்புறம் நின்றால் படத்தையே சந்தேகிக்க வேண்டும். படம் இடவலம் மாறியிருப்பதைக் கவனிக்காமல் வரைபடத்தில் ஊர் தேடினால், ஆறும் பாதையும் ஒன்றுகூடப் பொருந்தாது.

சரி, இடம். ஓடுபவற்றை விட்டுவிட்டு நிற்பவற்றைப் பார்க்க வேண்டும். ஓடுபவற்றிலும் இரண்டுக்கு விலக்கு உண்டு: எஞ்சினும், தொடரின் கடைசியில் வரும் கார்டு வண்டியும் பெரும்பாலும் சொந்தத் தடத்தை விட்டுப் போவதில்லை. நான் எஞ்சினைப் பார்த்தேன்; ஆனால் ஆட்டைப் பார்த்த கண்ணால் பார்த்தேன். சதுரத்தோள் தீப்பெட்டியைக் கிரேட் நார்தர்னைவிடப் பெருமளவில் பயன்படுத்தியது பென்சில்வேனியா ரயில்ரோடு என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. மாதங்கள் கழித்து, வேறு எதற்கோ இதே படத்தைப் பெரிதாக்கியபோது, வளைவின் கோடியில் கார்டு வண்டியின் பக்கத்தில் கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல்கள் தெரிந்தன. அது பென்சில்வேனியா 1940-களின் தொடக்கத்தில் கட்டிய கார்டு வண்டி. அதற்கு மேலே, கைகாட்டி மரத்துக்குப் பதிலாக, வட்டமான கருப்புப் பலகையில் விளக்குகள் வரிசையாகப் பதித்த சிக்னல். கைகாட்டியின் கை எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில் மூன்று விளக்குகள் எரியும் அந்த முறையைப் பென்சில்வேனியா 1915 வாக்கில் தொடங்கியது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனமும் அதைப் பின்பற்றியதால் சிக்னல் மட்டும் போதாது. கார்டு வண்டியும் சேர்ந்தபின்தான் உறுதியானது.

சில தடங்கள் ஒரே பார்வையில் ஊரைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே மூன்றாவது தண்டவாளம் ஓடி, அகலப் பெட்டியும் மூன்றடிக் குறுகிய பாதைப் பெட்டியும் ஒரே வழியில் நின்றால், கொலராடோவில் அலமோசாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் இடைப்பட்ட பகுதியை முதலில் நினைக்கலாம். பென்சில்வேனியா மாநிலத்தின் மவுன்ட் யூனியன் யார்டிலும் அப்படி இருந்தது, ஆனால் பின்னணி மலைகள் வேறு. பெட்டியின் கூரை உயரத்துக்கு நீண்ட மரமேடையும் அதில் ஐஸ் கட்டிகளும் தெரிந்தால், பழம் காய்கறி செல்லும் வழியில் ஐஸ் நிரப்பும் நிலையம் அது. கலிபோர்னியாவின் ரோஸ்வில்லில் அவ்வகையில் மிகப் பெரியது ஒன்று இருந்தது.

கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புபவர்கள் ஊரும் மாதமும் தெரிந்த படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1942-43-இல் ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் அரசுக்காகச் சிகாகோ யார்டுகளிலும், அங்கிருந்து சான்டா ஃபே நிறுவனத்தின் தடம் வழியாகக் கலிபோர்னியா வரையிலும் எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. சில வண்ணப் படங்கள். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனத்தின் யார்டை உயரத்திலிருந்து எடுத்த 1942 டிசம்பர்ப் படம் ஒன்றில், நூற்றுக்கணக்கான பெட்டிக் கூரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எத்தனை நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே யார்டில் கலந்து கிடந்தன என்பதை அதில் ஒரு மணிநேரம் செலவிட்டால் கண்ணே கற்றுக்கொள்ளும். நான் அதை முன்பே செய்திருந்தால் மொன்டானா என்று எழுதியிருக்கமாட்டேன்.

ஊர்ப்பெயருக்கு உதவியது சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள். 1867-இல் தொடங்கிய அந்த நிறுவனம் அமெரிக்க ஊர்களை வீடு வீடாக வரைந்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம். நம் படத்தில் ரயிலுக்குப் பின்னால் மூன்று மாடிச் செங்கல் மாவு ஆலை ஒன்று நிற்கிறது, அதன் முதுகில் மரத்தாலான ஒரு தாழ்வாரம், அதை ஒட்டி வளைந்து செல்லும் பக்கத்தடம். நிழல்கள் வண்டியின் நீளவாக்கிலேயே சற்றுச் சாய்ந்து விழுகின்றன; மரங்கள் இலையின்றி நிற்பதால் சூரியன் தெற்கே தாழ்ந்த பருவம். தடம் எந்தத் திசையில் வளைகிறது என்று அதிலிருந்து ஊகித்துக்கொண்டு, ஒஹாயோவில் பென்சில்வேனியா தடத்தின் மேலிருந்த ஊர்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பத்துப் பதினைந்து ஊர்களுக்குப் பின், இளஞ்சிவப்புச் சதுரத்தின் முதுகில் ஒட்டிய மஞ்சள் பட்டையும் அதைச் சுற்றி வளையும் தடமும் ஒரு தாளில் கிடைத்தன.

படத்தின் பின்புறத்தில் ‘மொன்டானா’வை நான் அழிக்கவில்லை, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். அதற்குக் கீழே இப்போது இருக்கும் வரி இது: ‘ஒஹாயோ, பென்சில்வேனியா தடம், மாவு ஆலை அருகே. 1944 ஆகஸ்டுக்குப் பின் ஒரு குளிர்காலம். ஆதாரம்: ஆட்டுப் பெட்டியின் எடைத் தேதி, கார்டு வண்டி, சிக்னல், சான்பார்ன் தாள்.’